சிறு பலகைக்கு ஓர் உத்தியோகம்

கையடக்கக் கணினியை வாங்குவது எளிது. எழுத்துக்கும் சித்திரத்துக்கும் அன்றாட அலுவலுக்கும் அதை உற்ற துணையாக்கிக்கொள்வது வேறு காரியம். அதற்கான வழியைப் புனே நகரத்துப் பழைய சீட்டுப் பெட்டிகள் காட்டுகின்றன.

புனே நகரின் எரவாடாப் பகுதியிலுள்ள டெக்கான் கல்லூரியில், இழுப்பறைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பெற்ற ஒரு கூடத்தில், ஏறத்தாழ ஒரு கோடித் துண்டுச் சீட்டுகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1948ஆம் ஆண்டில் எஸ். எம். காத்ரே என்னும் மொழியியல் அறிஞர் தொடங்கிவைத்த சம்ஸ்கிருதப் பேரகராதித் திட்டத்துக்காக, ரிக்வேதம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் இயற்றப்பட்ட ஏறக்குறைய 1,500 நூல்களைப் பண்டிதர்கள் கால் நூற்றாண்டுக் காலம் வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில், எந்த இடத்தில், எந்தப் பொருளில் பயின்று வருகிறது என்பதைக் கையால் எழுதி வைத்த சீட்டுகள் அவை. அகராதியின் முதற்பகுதி 1976இல் வெளிவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் அச்சேறிய பிறகும் அந்த வேலை அகரத்தில் தொடங்கும் சொற்களைக் கடந்துவிடவில்லை.

இத்தனை பெரிய காரியம் கையகலக் காகிதத் துண்டின் மேல் நிற்கிறது என்பது ஆச்சரியமாகத் தோன்றலாம். ஆயினும் சற்று ஆராய்ந்து பார்த்தால், அந்தத் துண்டு சிறியதாக இருந்ததனாலேயே காரியம் நடந்தது என்பது விளங்கும். சீட்டுக்கு ஒரே ஓர் உத்தியோகந்தான் கொடுக்கப்பட்டிருந்தது: படித்த இடத்திலேயே, படித்த கணத்திலேயே, ஒரு செய்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளுதல். பொருளை வரையறுப்பதும், தீர்ப்புச் சொல்வதும், ஒழுங்காகத் தொடுத்து எழுதுவதும் பிறகு, வேறு மேஜையில், வேறு மனநிலையில் நடைபெற வேண்டியவை. சேகரிக்கும் வேலையையும் தொகுக்கும் வேலையையும் அவ்வாறு பிரித்து வைத்ததே அந்தப் பண்டிதர்கள் கண்ட சூக்ஷ்மம்.

இன்று நம் வீடுகளில் எட்டங்குல அளவுள்ள சிறிய டேப்லெட்டுகள் நிறைந்துவிட்டன. ஆசையோடு வாங்கப்பெற்று, சில வாரங்கள் கொண்டாடப்பெற்று, பிறகு குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவோ, சாப்பாட்டு வேளையில் சினிமாப் பார்க்கும் கண்ணாடியாகவோ அவை ஓய்ந்துபோவதற்குக் காரணம் கருவியின் குறைபாடு அன்று. அவற்றுக்கு நாம் எல்லா வேலைகளையும் கொடுத்தோம். அதனால் எந்த வேலையையும் கொடுக்கவில்லை. துண்டுச் சீட்டின் ஸ்தானத்தை இந்தச் சிறு பலகைக்குக் கொடுத்தால் அது வாழ்நாள் தோழனாக விளங்கும் என்பதே இக்கட்டுரையின் சித்தாந்தம்.

பாணேரின் மேஜைகள்

அத்தகைய தோழன் யாருக்குத் தேவை என்பதை அறியப் பாணேர்ப் பகுதிக்குச் செல்வோம். புனேயின் மேற்குத் திசையில், ஔந்துக்கும் பாலேவாடிக்கும் இடையே, ஒரு புறம் முளா நதியும் மறுபுறம் குன்றுத் தொடரும் எல்லையாக அமைந்த பாணேர், ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் வயல்கள் சூழ்ந்த கிராமமாகவே இருந்தது. பாறையைக் குடைந்து அமைத்த பாணேசுவரர் கோயிலும், குன்றின் மேல் துகாயி தேவியின் சந்நிதியும் அந்தப் பழைய கிராமத்தின் அடையாளங்கள். 1994ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பாலேவாடியில் பெரிய வளாகம் எழுந்ததும், அதன் பின்னர் ஹிஞ்சவாடியில் கணினித் தொழிற் பூங்கா வளர்ந்ததும், இந்த ஊரின் வாழ்க்கையை அடியோடு மாற்றிவிட்டன. அடுத்துள்ள பாஷாண் பகுதியிலோ 1950இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயனச் சோதனைச்சாலை இருக்கிறது. 1988இல் நிறுவப்பெற்று, 1991இல் பரம் என்னும் மீக்கணினியைச் செய்து காட்டியதோடு இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றுவதிலும் பெரும்பங்கு வகித்த சி-டாக் ஸ்தாபனத்தின் இல்லமும் புனேதான்.

இத்தகைய வேலைகளை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியிருக்கும் குடும்பங்கள் அநேகம். அவர்களில் எழுதுகிறவர்களும், சித்திரம் வரைகிறவர்களும், சங்கீதம் பயில்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருடைய மேஜையின் மேல் உள்ள லேப்டாப் பெரும்பாலும் அவருடையது அன்று; அது கம்பெனியின் சொத்து; அதில் சொந்தக் கதையை எழுதிச் சேமித்து வைப்பது முறையும் அன்று, க்ஷேமமும் அன்று. சட்டைப் பையில் உள்ள கைப்பேசி பெயரளவில் அவருடையதேயாயினும், வங்கி முதல் வீட்டுவசதிச் சங்கம் வரையில் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் கதவைத் தட்டும் வாசலாக அது ஆகிவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்படாமல், தம்முடைய கற்பனைக்கும் சிந்தனைக்கும் மாத்திரம் உரியதாக ஓர் இடம் வேண்டுமென்று அவருடைய உள்ளம் ஏங்குமானால், அந்த ஏக்கம் நியாயமானது. சிறிய டேப்லெட்டின் முதற்பெருமை அதன் வேகத்திலோ வர்ணத்திலோ இல்லை. அதைத் தமக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பதில்தான் இருக்கிறது.

இந்தக் கனவு புதியதும் அன்று. 1972ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்த ஆலன் கே என்னும் விஞ்ஞானி, எல்லா வயதுக் குழந்தைகளும் நோட்டுப் புத்தகம்போல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கணினி ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு டைனாபுக் என்று பெயரிட்டார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் சாமானியனுக்காகச் சிம்ப்யூட்டர் என்னும் கைக்கருவியை வடிவமைத்தார்கள். 2011 அக்டோபர் 5ஆம் தேதி மத்திய அரசு மாணவர்களுக்காக ஆகாஷ் என்னும் ஏழங்குலப் பலகையை வெளியிட்டது. அதை அரசு வாங்கிய விலை சுமார் 2,276 ரூபாய். அதன் திரை அழுத்தத்தால் மாத்திரமே இயங்கும் பழைய வகையைச் சேர்ந்ததாகவும், அதன் இயக்கம் மந்தமானதாகவும் இருந்தபடியால், அந்த முயற்சி எண்ணிய பயனைத் தரவில்லை. 2012இல் கூகுளின் நெக்ஸஸ் 7, ஆப்பிளின் ஐபேட் மினி ஆகியவை வந்த பிறகுதான் சிறிய பலகை உலகெங்கும் நிலைபெற்றது. மலிவு மட்டும் ஒரு கருவியைத் துணையாக்கிவிடாது என்பதை ஆகாஷின் சரித்திரம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

கிரவுன் அளவின் சௌகரியம்

இப்போதைய ஐபேட் மினியின் உடல் 195.4 மில்லிமீட்டர் உயரமும் 134.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. எடை சுமார் 293 கிராம். தமிழ்ப் பதிப்பாளர்களும் அச்சகத்தாரும் கிரவுன் சைஸ் என்று வழங்கும் புத்தக அளவுக்கு இது மிகவும் நெருங்கியது. நம்முடைய நாவல்களும் சிறுகதைத் தொகுதிகளும் கவிதை நூல்களும் பல தலைமுறைகளாக இந்த அளவில்தான் அச்சாகி வந்திருக்கின்றன. ஆகவே, பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பக்கப்படத்தை இந்தத் திரையில் திறந்தால், பெரிதாக்கவோ பக்கவாட்டில் நகர்த்தவோ தேவையின்றி, அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றே குறைந்த அளவில் முழுப்பக்கமும் கண்ணெதிரே நிற்கிறது. அதற்கு மாறாக, அலுவலகத்தார் அனுப்பும் ஏ4 அளவு அறிக்கைகளையும், பல பத்திகளையுடைய கணக்குத் தாள்களையும் இதில் படிக்கப் புகுந்தால் கண் மிகுந்த வேதனைப்படும். கருவியின் அளவே அதன் சுபாவத்தையும், அதற்கு ஏற்ற காரியத்தையும், ஏலாத காரியத்தையும் முன்கூட்டி வகுத்துவிடுகிறது.

ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத முடிவது இந்த அளவின் மற்றொரு சிறப்பு. பதினோரு அங்குலம், பதின்மூன்று அங்குலம் கொண்ட பெரிய பலகைகள் மேஜையையோ மடியையோ வேண்டுகின்றன. அவற்றைக் குன்றின் பாதையில் நின்றுகொண்டு உபயோகிக்க இயலாது. சிறிய பலகையோ நின்றபடியும், பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தபடியும், ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்காக அமர்ந்தபடியும் பயன்படக்கூடியது. அசோகமித்திரன் தியாகராய நகரின் நடேசன் பூங்காவில் அமர்ந்து தம்முடைய கதைகளை எழுதியவர். எழுதுவதற்கான சூழ்நிலை தம்மைத் தேடி வரும் என்று காத்திராமல், கையில் அடங்கும் சாதனத்தோடு தாமே ஓர் இடத்தைத் தேடிச் சென்ற அந்த எழுத்தாளரின் பழக்கத்துக்குச் சிறு பலகை முற்றிலும் உகந்தது.

முதற் கடமை: பிடித்து வைத்தல்

பாணேருக்கு அடுத்த பாலேவாடியில், 2022 மார்ச் 6ஆம் தேதி பிரதம மந்திரி திறந்துவைத்த ஆர். கே. லக்ஷ்மண் கலைக்கூடம் இருக்கிறது. ராசிபுரத்தைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், 1921ஆம் ஆண்டு மைசூரில் பிறந்து, தம் மூத்த சகோதரர் ஆர். கே. நாராயணனின் கதைகளுக்குச் சித்திரம் வரைந்து, 1951 முதல் டைம்ஸ் ஆப் இந்தியா நாளிதழில் பொதுஜனம் என்னும் வேட்டி கட்டிய மனிதரை நடமாடவிட்ட அந்த மேதை, தம் இறுதிக் காலத்தைப் புனேயில் கழித்து, 2015 ஜனவரி 26ஆம் தேதி இந்நகரிலேயே காலமானார்.

லக்ஷ்மணின் தொழில்முறையை அறிய முற்படும் எவருக்கும் இரண்டு விஷயங்கள் தெளிவாகப் புலப்படும். பாலப் பருவம் முதலே ஜன்னல் வழியே கண்ணில் பட்டவற்றையெல்லாம், அதாவது காகங்களையும் உலர்ந்த சருகுகளையும் விறகு பிளக்கும் வேலைக்காரரையும், கோடுகளாகப் பதிந்து வைத்துக்கொள்வது அவருடைய முதற் பழக்கம். காலையில் அலுவலகத்துக்குச் சென்று, பத்திரிகைகளையெல்லாம் படித்து, பல மணி நேரம் சிந்தனையில் ஆழ்ந்து, அதன் பின்னரே தூரிகையைக் கையில் எடுப்பது இரண்டாவது. பதிந்து வைத்தல் எப்போதும் எங்கேயும் நடைபெற்றது. படைத்தல் குறித்த இடத்தில், குறித்த வேளையில் நடைபெற்றது. நாளிதழின் ஒரு பத்தி அகலமேயுள்ள சிறு கட்டத்துக்குள் ஒரு தேசத்தின் மனநிலையை அவரால் அடக்க முடிந்ததற்கு, அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பார்வையின் செல்வமே காரணம். பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளி போதிய திறமை இல்லையென்று இளமையில் அவருக்கு இடம் மறுத்தது. ஓயாத அப்பியாசமோ அவரைக் கைவிடவில்லை. 2003இல் பக்கவாதம் தாக்கிய பின்னும் அவர் வரைந்துகொண்டேயிருந்தார்.

இங்கிலாந்துச் சித்திரக்காரர் டேவிட் ஹாக்னி, நோட்டுப் புத்தகம் வைப்பதற்காகவே தம் கோட்டில் பெரிய பை தைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். 2010இல் ஐபேட் வந்தபோது அதுவும் அந்தப் பைக்குள் புகுந்தது. யார்க்ஷயர் கிராமப்புறத்தில் 2011ஆம் ஆண்டின் வசந்தம் வந்த விதத்தை அவர் அந்தத் திரையிலேயே நாள்தோறும் வரைந்து, அச்சிட்டு, 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். விளக்கேற்றாமலே விடியற்பொழுதின் வர்ணங்களைப் பிடிக்க ஒளிரும் திரை உதவுகிறது என்பது அவர் அனுபவத்தில் கண்டது. ஹாக்னிக்கு அது முடிந்த சித்திரத்துக்கே உரிய சாதனமாயிற்று. நம்மில் பெரும்பாலோருக்கு அது முதற்கோட்டுக்கு உரிய சாதனமாக அமைந்தாலே போதும்.

என்னுடைய வழக்கத்தில் சிறு பலகையைத் திறந்தவுடன் தெரியும் முதல் திரையில் ஒரே ஒரு வெள்ளைப் பக்கம் இருக்கிறது. குன்றின் மேல் நடக்கும்போது கண்ட ஒரு மரத்தின் வளைவு, காய்கறிக் கடையில் மராத்தியும் ஹிந்தியும் கலந்து காதில் விழுந்த ஒரு வாக்கியம், படித்த புத்தகத்தில் எழுந்த ஐயம், திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டிய காரியம் ஆகிய யாவும் வேறுபாடின்றி அந்தப் பக்கத்தில் வந்து விழுகின்றன. அப்போதே அவற்றுக்குத் தலைப்பிட முயல்வதும், வர்ணம் பூசுவதும், எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று யோசிப்பதும் எண்ணத்தின் ஜீவனைக் கெடுத்துவிடும். எங்கே வைப்பது என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே எண்ணம் பதிவாகிவிட வேண்டும்.

தமிழில் எழுதும் மூன்று வழிகள்

தமிழருக்கு இதில் தனியான சௌபாக்கியம் ஒன்று உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்து வரிசைக்குரிய விசைகள் வலக்கைப் பக்கத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. சிறிய பலகையை நெடுக்குவாட்டில் இரு கைகளாலும் பிடித்தால் கட்டைவிரல்கள் இரண்டும் எல்லா எழுத்துகளையும் எட்டுகின்றன. இடக் கட்டைவிரல் உயிரையும் வலக் கட்டைவிரல் மெய்யையும் கவனித்துக்கொள்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானே புள்ளி விழுவதும், இன எழுத்துகள் தொடர்ந்து வரும்போது அவ்வாறே நேர்வதும், விரல்களின் சிரமத்தைப் பெரிதும் குறைக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் போன்ற செயலிகள் இந்த முறையைக் கைக்கருவிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த பேருபகாரத்தைத் தமிழுலகம் மறத்தலாகாது.

குரலால் எழுதுவது இரண்டாவது வழி. 2017இல் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. நடந்துகொண்டே பேசி நீண்ட குறிப்புகளைப் பதிய இது சௌகரியமானதுதான். ஆயினும் ஒற்றெழுத்துகளிலும், பெயர்ச்சொற்களிலும், சந்தியிலும் பிழைகள் நேர்வதால், குரலால் பதிந்ததை அன்றைக்கே திருத்திவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டால், என்ன சொன்னோம் என்பது நமக்கே புரியாமற்போகும்.

மூன்றாவது வழி கையால் எழுதுவது. எழுதுகோல்களில் இரு வகை உண்டு: தனக்குள்ளே பேட்டரி கொண்டு இயங்குவது ஒன்று, ஜப்பானின் வாகோம் நிறுவனம் வளர்த்தெடுத்த முறையில், திரைக்கடியிலிருந்து வரும் மின்காந்த அலையினாலேயே உயிர்பெறுவதால் பேட்டரியே வேண்டாதது மற்றொன்று. இரண்டாவது வகையை எப்போது எடுத்தாலும் அது ஆயத்தமாக இருக்கும். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியைக் கூகுள் 2015இல் வெளியிட்டபோது, தமிழ் உள்ளிட்ட 82 மொழிகளுக்கு அது கிடைத்தது. இருந்தாலும், கையெழுத்தைக் கையெழுத்தாகவே விட்டுவைப்பதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். பிற்பாடு அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்யும்போது, எண்ணம் இரண்டாவது முறை மனத்தின் வழியே கடந்து செல்கிறது. அந்த இரண்டாவது பிரயாணத்தில் சொற்களின் பதர் உதிர்ந்து, மணி மட்டும் மிஞ்சுகிறது.

புனேயின் மழைக்காலத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இக்காலத்துத் திரைகள் விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து இயங்குபவை; அவற்றின் மேல் மழைத்துளி விழுந்தால் அதையும் விரலின் தொடுகையாகக் கொண்டு தாறுமாறாக நடந்துகொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் வெளியே செல்வோர் பையில் ஒரு சிறு காகித நோட்டையும் வைத்துக்கொள்வதே விவேகம்.

இரண்டாவது கடமை: வாசித்தல்

தமிழ்நாட்டிலிருந்து தொலைவில் வாழும் தமிழனுக்குத் தமிழ் நூல்நிலையம் என்பது ஒரு காலத்தில் ரயில் பிரயாணத்துக்கு அப்பால் இருந்தது. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதலான நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்தது. 2001இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழம் பதிப்புகளின் பக்கப்படங்கள் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் காத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு, 1924 முதல் 1936 வரையில் ஆறு பெருந்தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தொகுதியின் வாயிலாகப் பாணேரில் அமர்ந்தபடியே புரட்டலாம். இந்தச் செல்வங்கள் யாவும் கிரவுன் அளவுள்ள ஒரு பலகைக்குள் அடங்கிவிடும் என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால், பைத்தியக்காரன் என்று அவரை உலகம் நகைத்திருக்கும்.

வாசிக்கும்போது ஓரத்தில் குறிப்பெழுதும் வழக்கம் உடையவர்களுக்கு ஒரு நியமத்தை வற்புறுத்துவேன். கோடு மாத்திரம் போட்டுச் செல்லாதீர்கள். அந்த வரியைக் கண்டபோது உள்ளத்தில் எழுந்ததை ஒரே வாக்கியமாவது உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். கோடிட்ட வரி ஆசிரியருடையது. எழுதிய வாக்கியமே உங்களுடையது. டெக்கான் கல்லூரிப் பண்டிதர்கள் சீட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், இடத்தையும் பொருளையும் சேர்த்து எழுதியதன் பயனை நினைத்துப் பாருங்கள். நூற்பெயரும் பக்க எண்ணும் இல்லாத குறிப்பு, அழகாகத் தோன்றினாலும், நாளடைவில் ஒரு பிரயோஜனமும் இல்லாததாகிவிடும்.

அந்தி வேளையின் நியமம்

சேகரித்ததைப் பிரித்து வைக்காவிட்டால் சேகரம் குப்பையாகிவிடும். புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம், 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பு இவ்விஷயத்தில் நமக்கு ஆசானாக விளங்குகிறது. பாரத தேசத்தின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 1,259 சுவடிகளை ஒப்பிட, கட்டம் கட்டமாகக் கோடிட்ட பெரிய தாள்களைத் தயாரித்து, மேல்வரியில் ஒரு சுலோகத்தை எழுத்து எழுத்தாகக் கட்டங்களில் இட்டு, அதன் கீழே ஒவ்வொரு சுவடியின் பாடபேதத்தையும் அந்தந்தக் கட்டத்தில் பதிந்தார்கள். தென்னாட்டுச் சுவடிகளை ஒப்பிடும் வேலையின் ஒரு பகுதி தஞ்சைச் சரஸ்வதி மகாலிலேயே நடைபெற்றது. 1925 முதல் 1943இல் தாம் மறையும் வரையில் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த வி. எஸ். சுக்தங்கர், கையில் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காரணமும் இருக்குமாறு அந்த மகத்தான வேலையை நடத்தினார். நம் உ. வே. சாமிநாதையரும் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன்னர், ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைப்பதில் செலவிட்ட உழைப்பு இதற்குச் சளைத்தது அன்று.

நம் சிறிய வாழ்க்கைக்கு அத்தனை கட்டங்கள் தேவையில்லை. சமையலறையின் அஞ்சறைப் பெட்டியைப்போல் ஐந்தே பிரிவுகள் போதும்: எழுத வேண்டியவை, வரைய வேண்டியவை, படிக்க வேண்டியவை, செய்ய வேண்டியவை, வைத்துக்கொள்ள வேண்டியவை. மாலையில் விளக்கேற்றிய பிறகு சிறிது நேரம் ஒதுக்கி, அன்றைய வெள்ளைப் பக்கத்தில் விழுந்தவற்றை இந்த ஐந்தில் பிரித்துவிட்டு, எதிலும் சேராததை அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு அஞ்சுகிறவன் சேகரிக்கத் தகுதியற்றவன். வாரத்தின் இறுதியில் முதற்பிரிவைத் திறந்து, ஒரு பொருளைச் சுற்றி நாலைந்து குறிப்புகள் தாமாகவே கூடியிருந்தால், அதுவே அடுத்த கட்டுரைக்கான கரு. அப்போது பெரிய திரையும் முழு விசைப்பலகையும் உள்ள மேஜைக்குச் சென்று அமர வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சிறு பலகையோடு விசைப்பலகையை இணைத்து, அதையே குட்டி லேப்டாப்பாக்கி, முழுக் கட்டுரையையும் அதிலேயே எழுத முயல்கிறார்கள். நீண்ட உரைநடையை உருவாக்குவதற்கு முந்தைய பத்தியும் பிந்தைய பத்தியும் ஒருங்கே கண்ணில் பட வேண்டும். எட்டங்குலத் திரையில் விசைப்பலகையும் இடம்பிடித்துக்கொண்டால் எஞ்சுவது சில வரிகளே. அவ்வாறு எழுதப்பட்ட கட்டுரை வாக்கியந்தோறும் நன்றாக இருந்தாலும், மொத்தத்தில் முதுகெலும்பு இல்லாததாகிவிடக் காண்கிறோம். இரண்டாவதாக விலக்க வேண்டியவை அறிவிப்புகள். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் சிறு பலகைக்குள் நுழைந்த கணமே அது இரண்டாவது கைப்பேசியாகிவிடுகிறது. நமக்கென்று ஒதுக்கிய இடம் பறிபோய்விடுகிறது. அவற்றை அதில் நிறுவாமலிருப்பதே உத்தமம்.

நிலைத்து நிற்க வேண்டியவை

கருவிகள் மாறும், எழுத்து நிலைக்க வேண்டும். 1990களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றமாகத் தமிழ் சிதறிக் கிடந்ததையும், திஸ்கி, டாம், டாப் என்னும் முறைகளில் தட்டச்சு செய்து வைத்த கதைகளும் கட்டுரைகளும் பிற்காலத்தில் வாசிக்க இயலாத குறிகளாகத் தோன்றியதையும் அனுபவித்தவர்கள் நாம். 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது பொது வழக்காகப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010இல்தான். அந்தத் துயரம் மீண்டும் நேராமலிருக்க, நம் குறிப்புகளை ஒரே செயலிக்குள் மாத்திரம் திறக்கக்கூடிய வடிவத்தில் சிறைவைக்காமல், யூனிகோடில் அமைந்த சாதாரண உரைக்கோப்பாகவும், சித்திரங்களையும் கையெழுத்தையும் பி.டி.எஃப். வடிவிலும், மாதந்தோறும் வெளியே எடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடி சிதையுமுன் பிரதி செய்து காத்த மரபில் வந்தவர்களுக்கு இது புதிய உபதேசம் அன்று.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுதுகோலோடு இணையும் ஐபேட் மினி 2024இல் இந்தியாவில் வெளியானபோது அதன் ஆரம்ப விலை 49,900 ரூபாய். எழுதுகோலுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். 2023இல் வந்த சாம்சங் டேப் ஏ9 போன்ற கருவிகளின் ஆரம்ப விலை அப்போது 12,999 ரூபாய். நுட்பமான எழுதுகோல் வசதி அவற்றில் கிடையாது. சித்திரம் வரைபவர்களுக்கு முதல் வகை நியாயமான செலவு. படிப்பதும் தட்டச்சில் குறிப்பெடுப்பதும் மட்டுமே நோக்கமாக உள்ளவர்களுக்கு இரண்டாவது வகை தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்துக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கலாம்.

ஆகவே, சிறு பலகை ஒன்றை வாங்க எண்ணும் அன்பர்களுக்கும், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதன் ஆற்றல்களை எண்ணிப் பார்ப்பதற்கு முன், "இதற்கு நான் கொடுக்கப்போகும் உத்தியோகம் என்ன?" என்ற கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே விடையையும் எழுதுங்கள். விடை ஒரே வாக்கியத்தில் அடங்குமானால் தயங்காமல் அதைப் பணியில் அமர்த்துங்கள். எண்ணங்களைப் பிடித்து வைக்கும் அந்த ஒரு வேலையை அது செவ்வனே செய்து தரும். ஒரு வாக்கியத்தில் அடங்காவிட்டால் சிறிது காலம் பொறுங்கள்; அதுவரையில் ஒரு கிரவுன் நோட்டும் ஒரு பென்சிலும் உங்களுக்கு எள்ளளவும் குறை வைக்கமாட்டா.